உயிர் காலேஜும் நெல்லித்தோப்புக் குழந்தைகளும்

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் புதுச்சேரிக் குடும்பங்களில் முதல் வாரம் சுகமாகவே கழிந்துவிடும். கடற்கரை இருக்கிறது, பாரதி பூங்கா இருக்கிறது, 1826-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. இரண்டாவது வாரத்தில்தான் வினை ஆரம்பமாகும். "சிங்கம் பார்க்க வேண்டும்" என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும். இந்தக் குரலுக்கு மற்றக் குரல்களும் பின்பாட்டுப் பாடும். புதுச்சேரியில் சிங்கத்துக்கு எங்கே போவது?

நெல்லித்தோப்பில் வசிக்கும் நமக்குத் தெரிந்த குடும்பத்தார் ஒருவருக்கும் இந்த நிர்ப்பந்தம் ஏற்பட்டது. எட்டு வயதுப் பையன், நாலு வயதுப் பெண், தாய் தந்தையர், ஆயா ஆக ஐவர் வண்டலூருக்குப் புறப்பட்டார்கள். ஆறாவதாக நாமும் ஒட்டிக்கொண்டோம்.

திண்டிவனம், செங்கற்பட்டு மார்க்கமாக வண்டலூர் சுமார் 130 கிலோமீட்டர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, நம் ஊர்க்காரர்கள் சென்னைப் பட்டணத்துக்குள் போய்த் திரும்பி வரவேண்டிய அவசியமில்லை. மிருகக்காட்சிச் சாலை அருகிலேயே இறங்கிவிடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. அன்று குழந்தைகளை அழைத்துச் சென்று பூட்டிய கதவைக் காட்டிய தகப்பனார்களின் கதி என்ன ஆயிற்று என்பதை நாம் விவரிக்கப் போவதில்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் புதுச்சேரிக்காரர் சென்னைக்குப் பிரயாணம் செய்வதென்றால் பிரெஞ்சு எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் புக வேண்டும். சுங்கக்காரர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. இப்போது பை சோதனை வண்டலூர் வாசலில் நடக்கிறது. பிளாஸ்டிக் பைகள் உள்ளே போகக்கூடாது. புளியோதரையை எவர்சில்வர் தூக்கில் எடுத்து வந்திருந்த ஆயா வெற்றிப் பார்வை ஒன்று பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

'உயிர் காலேஜ்' என்ற பெயரை ஆயாதான் சொன்னாள். பழைய சென்னை ஜனங்கள் எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிச் சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் நாமகரணம் செய்திருந்தார்கள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தாம். மியூசியத்தின் தலைவராயிருந்த எட்வர்ட் பால்பர் என்னும் டாக்டர், கர்நாடக நவாபின் மிருகங்களைக் கேட்டு வாங்கி, 1855-ஆம் வருஷத்தில் மியூசியத் தோட்டத்திலேயே இதை ஆரம்பித்தார். பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பீபிள்ஸ் பார்க்குக்கு இது மாறியது. ரயில் புகையும் பட்டணத்து இரைச்சலும் சூழ நூறு வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்துவிட்டு, 1985-இல் வண்டலூர்க் காட்டோரத்துக்கு வந்தது. இங்கே நிலம் ஏறக்குறைய 1,490 ஏக்கர். பல மிருகங்களுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது இரும்புக் கம்பியல்ல, அகழி. அகழி ஏற்பட்டதனால் மிருகத்துக்கு மறைந்து கொள்ள இடம் கிடைத்தது. மனிதனுக்குக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. இந்த இரண்டாவது சமாசாரம் நம் ஜனங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

சிங்கம் படுத்திருந்தது. பத்து நிமிஷம் கழித்தும் படுத்திருந்தது.

"ஆயா, இது ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?" என்றான் பையன்.

"வயிறு ரொம்பிப் படுத்திருக்குடா கண்ணு. ஞாயித்துக்கிழமை உங்க அப்பா எழுந்திருக்கிறாரா?" என்றாள் ஆயா.

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கழிக்கும் பிராணி. டிக்கெட் வாங்கியவர்களுக்காக அது தன் குல வழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. ஆனால் பக்கத்தில் நின்ற வாலிபர்கள் சிலருக்கு இது சம்மதமாயில்லை. கைதட்டினார்கள்; சீட்டி அடித்தார்கள்; ஒருவர் சிங்கத்தைப் போலவே கர்ஜித்தும் பார்த்தார். அந்தக் கர்ஜனையைக் கேட்டுச் சிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மிருகக்காட்சிச் சாலைகளில் பிராணிகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தின்பண்டம் போடுவதும், கூச்சலிட்டுக் கலவரப்படுத்துவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வாலிபர்களைப் பார்த்து நம் பையனும் கைதட்ட ஆரம்பித்தான். அதுதான் நமக்குக் கவலை அளித்தது. அவன் தகப்பனார் கோபித்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, "நீ தூங்கும்போது நூறு பேர் உன் கட்டிலைச் சுற்றி நின்று கத்தினால் எப்படியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பையன் நெடுநேரம் யோசித்தான்.

யோசித்துவிட்டு அவன் கேட்டது வேறொரு கேள்வி. "இங்கே இருக்கிற யானை ஆசீர்வாதம் பண்ணுமா?"

புதுச்சேரிக் குழந்தை அப்படித்தான் கேட்கும். நம் ஊரில் யானை என்றால் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமிதான். எத்தனையோ குழந்தைகள் அதன் காலடியில்தான் முதன் முதலாகப் பயந்தும், பிறகு பயம் தெளிந்து சிரித்தும் இருக்கிறார்கள். 2022 நவம்பர் 30-ந் தேதி காலை, நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் லட்சுமி தெருவிலேயே விழுந்து இறந்தது. ஊரே திரண்டு வந்து அழுதது. அந்தக் கூட்டத்தில் தாயாரின் இடுப்பிலிருந்து பார்த்த குழந்தைகளில் இந்தப் பையனும் ஒருவன். "இங்கே யானைக்கு அந்த வேலை கிடையாது. சும்மா இருந்தால் போதும்" என்றாள் தாயார். நமது அபிப்பிராயத்தில் அன்று முழுவதும் சொல்லப்பட்ட வார்த்தைகளில் மிகச் சிறந்தது இதுதான். நாணயம் வாங்காத, சலாம் போடாத, வித்தை காட்டாத மிருகத்தைக் குழந்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

மனிதனை நம்பிக் கூட்டுக்குள் இருக்கும் பிராணிகள் நம்மிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. சென்னையைப் பீதி பிடித்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்த அதிகாரிகள், உயிர் காலேஜில் இருந்த சிங்கம், புலி முதலிய கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொல்லச் செய்தார்கள். பயந்தபடி சென்னை நகரம் அழியவில்லை. மிருகங்கள் போனது போனதுதான்.

யாருக்குப் பயந்து இங்கே சுட்டார்களோ, அவர்களுடைய ஊரிலும் இதே காரியம் நடந்தது. 1943-இல் டோக்கியோ நகரத்து யுவெனோ மிருகக்காட்சிச் சாலையின் மிருகங்களைக் கொல்லும்படி உத்தரவு பிறந்தது. அங்கிருந்த மூன்று யானைகளைப் பட்டினி போட்டே கொன்றார்கள். யுத்தம் முடிந்தபின் டோக்கியோக் குழந்தைகளுக்கு யானை என்பது படத்தில் மட்டும் இருந்தது. ஆகவே அவர்கள் இந்தியாவின் பிரதம மந்திரிக்குக் கடிதங்கள் எழுதினார்கள். நேருஜி 1949-இல் மைசூர் யானை ஒன்றை அனுப்பினார். அதற்குத் தம் புதல்வியின் பெயரையே சூட்டி 'இந்திரா' என்றழைத்தார். சுதந்திரம் பெற்று இரண்டே வருஷமான, தன் குழந்தைகளுக்கே சோறு போதாத தேசம், தோற்றுப்போன தேசத்துக் குழந்தைகளுக்கு அனுப்பிய பரிசு அது. இந்திரா 1983 வரையில் டோக்கியோவில் வாழ்ந்தது.

இந்தக் கதையைப் பையனுக்குச் சொன்னபோது, "அந்த யானைக்கு நம்ம ஊர் ஞாபகம் வராதா?" என்று கேட்டான். பெரியவர்கள் ஐந்து நிமிஷம் புளியோதரையில் கவனம் செலுத்தினோம்.

யுத்தம்தான் வரவேண்டுமென்பதில்லை. 2021 ஜூன் மாதத்தில் நம்மைப் பீடித்த கொரோனா வியாதி வண்டலூர்ச் சிங்கங்களையும் பிடித்துக்கொண்டது. நீலா என்ற பெண் சிங்கமும், பின்னர் ஓர் ஆண் சிங்கமும் மாண்டன. அகழியும் மதிலும் கடந்து மனிதர்களின் நோய் அவற்றைத் தேடிப் போயிற்று.

இனிக் குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஒன்பது மணிக்கே வாசலில் இருங்கள். வெயில் ஏறினால் மிருகங்களும் ஒதுங்கும், குழந்தைகளும் சுருளும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கணக்குப் போடாதீர்கள்; 1,490 ஏக்கரை நாலு வயதுக் கால்களால் அளக்க முடியாது. பாட்டரி வண்டி உண்டென்றாலும், அதிலிருந்து பார்த்தால் எல்லா மிருகமும் ஒன்றுபோலவே ஓடும். ஐந்து பிராணிகள் போதும். ஒவ்வொன்றின் எதிரிலும் கால் மணி நேரம் உட்காருங்கள். நீர்யானை மூழ்கினால் மறுபடி மேலே வரும்வரை எண்ணச் சொல்லுங்கள். நமது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வசிக்காத சிங்கவால் குரங்கைக் காட்டாமல், வெள்ளைப் புலியை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

நாலு வயதுப் பெண்ணுக்கு இவை ஒன்றும் ரசிக்கவில்லை. மரத்தடியில் ஓடிய அணில்தான் அவளுக்குப் பிரமாதம். அதைப் பார்க்க அரை மணி நேரம் நின்றாள். நெல்லித்தோப்பில் வீட்டுக் கொல்லையிலேயே ஓடும் அணிலுக்காகவா பஸ் சத்தம் கொடுத்து வந்தோம் என்று தகப்பனார் பெருமூச்சு விட்டார். நமக்கு அதில் வருத்தமில்லை. ஊருக்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஊசுட்டேரி இருக்கிறது; 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வெளிதேசத்துப் பறவைகள் அங்கே வந்து தங்கும். அடுத்த பிரயாணம் அங்கேதான் என்று திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டுவதற்குள்ளாகவே, ஆயா தீர்மானித்துவிட்டாள். குழந்தைகள் இருவரும் அப்போது அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.