எடைதான் குறைந்தது, வலு அல்ல

ஹைதராபாத்தில் உள்ள ஏவுகணை ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர். அங்கிருந்த ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு வியப்பு. அத்தனை லேசு! உடனே அப்துல் கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மூன்று கிலோவுக்கும் அதிகமான உலோகக் காலிப்பர்களை மாட்டிக்கொண்டு அங்கே குழந்தைகள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரங்களில் 300 கிராமில் மாற்றுக் காலிப்பர் தயார். கலாம் தன் உரைகளில் சொன்ன சம்பவம் இது.

இப்படி எடையைக் குறைப்பவை நார் சேர்ந்த கூட்டுப்பொருட்கள். தத்துவம் ஒன்றும் புதிதல்ல. மண்ணோடு வைக்கோலைக் குழைத்துச் சுவர் எழுப்பியவர்களுக்கும் தெரிந்ததுதான். இழுவிசையைத் தாங்குவது நார். நார்களைப் பிணைத்து, சுமையைப் பகிர்ந்து கொடுப்பது பிசின். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை சுமார் 7.8 கிராம். அலுமினியம் 2.7. கார்பன் நார்க் கூட்டுப்பொருளோ ஏறத்தாழ 1.6 கிராம்தான். துருப்பிடிக்கும் என்ற கவலையும் இல்லை.

ஆனால் நார் ஓடும் திசையில்தான் முழு வலுவும். விறகை நெடுக்காகப் பிளப்பது சுலபம், குறுக்கே ஒடிப்பது கஷ்டம் என்பதைப் போல. அதனால் நார் விரிப்புகளை நேராக, குறுக்காக, சாய்வாக என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். பிறகு, ராட்சத பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் வைத்து அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுகச் செய்கிறார்கள். 2001 ஜனவரி 4-ம் தேதி பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டமைப்பு எடையில் சுமார் 45 சதவிகிதம் கூட்டுப்பொருட்களே.

சிக்கலும் உண்டு. அடிபட்டால் உலோகம் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கூட்டுப்பொருளில் மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். விமானங்களில் இதைக் கண்டுபிடிக்க மெல்லத் தட்டி ஓசையைக் கேட்கிறார்கள். கேளா ஒலி அலைகளைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். இன்னொரு தலைவலி, பழையதை என்ன செய்வது என்பது. இரும்பை உருக்கி மீண்டும் வார்க்கலாம். வெப்பத்தில் ஒருமுறை இறுகிய பிசினோ மறுபடி உருகாது.

எடை குறைந்ததால் பொறுப்பு குறைந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடிப் பார்க்கும் பொறுமைதான் இந்தப் பொருளுக்கு உண்மையான விலை.