வீட்டுப் பூனையை வெளியில் திரிய விடலாமா?

எலி ஒழிப்பைப் பற்றி எந்தக் கிராமத்தில் கூட்டம் கூட்டினாலும், முடிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் பூனை இருக்கிறதே, அதை இராத்திரியில் வயல் பக்கம் விட்டுவிட்டால் போதாதா? விஷம் எதற்கு?" என்று ஒரு மிராசுதாரர் கேட்பார். உடனே மற்றொருவர் எழுந்து, அண்டை வீட்டுப் பூனை தம் கோழிக்குஞ்சுகளைக் கொண்டுபோன கணக்கை ஒப்பிக்கத் தொடங்குவார். பூனையைக் கட்டிப்போட வேண்டும் என்பார் ஒருவர். கட்டிப்போட்ட பூனை பூனையாகாது என்பார் இன்னொருவர். கூட்டம் எலியை மறந்துவிடும்.

இக்கேள்விக்கு நான் பல வருஷ காலம் நகைத்து மட்டும் பதில் சொல்லி வந்தேன். அது என் பிசகு. எப்படிப் பிசகாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காவிரிப் பாசனத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், சம்பாப் பயிர் பொதிப் பருவத்தில் இருந்த சமயம். எலிகள் தூர்களை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. நிலக்காரர்கள் சிலர் ஒன்று சேர்ந்து முயற்சி செய்ய முன்வந்தார்கள். முதல் இரண்டு நாள் விஷமில்லாத இரையை வளை வாயில்களில் வைத்து எலிகளைப் பழக்கினோம். மூன்றாம் நாள் மாலையில் நொய்யும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த இரையில் துத்தநாக பாஸ்பைடு கலந்து வைத்தோம். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை செய்தாயிற்று. பூனையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் காலையில் வரப்புகளில் கிடந்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்தோம். வீடுகளின் பின்புறத்தில் வைக்கோற்போர் அருகே போய்ச் செத்தவற்றைத் தேட எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் ஒரு மூதாட்டியின் வரிப்பூனை அவ்வைக்கோற்போரின் ஓரத்தில் செத்துக் கிடந்தது. எலியின் இரைப்பையில் செரியாமல் தங்கியிருந்த மருந்தே அதையும் கொன்றிருக்க வேண்டும். அந்த அம்மாள் என்னை வைதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "மருந்து வைக்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே போட்டு மூடியிருப்பேனே, ஐயா" என்றுதான் சொன்னார். அவருக்குச் சொந்தச் சாகுபடி கிடையாது. குத்தகையாக வரும் நெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைத்து, அதைக்கொண்டே வருஷம் முழுவதும் காலம் தள்ளுகிறவர். அறுவடை முடிந்து நான் மறுபடியும் அவ்வூருக்குச் சென்றபோது, பத்தாயத்தின் அடிப்பலகையை எலி கடித்திருந்தது. நெல் தரையில் கசிந்து கிடந்தது. வயலில் எலி குறைந்தது மெய். அந்த வீட்டில் நாங்களே எலிக்கு வழி திறந்து வைத்தோம் என்பதும் மெய்.

பூனைக்கும் நெற்களஞ்சியத்துக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. மேற்காசியாவில் மனிதர் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய பின்னரே, எலிகளைத் தேடிக்கொண்டு பூனை அவர்களுடைய வாசலுக்கு வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 வருஷங்களுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆகவே பூனையின் உத்தியோகம் ஆதிமுதல் களஞ்சியக் காவல்தான். வயற்காவலை அதன் தலையில் கட்டுவது நாம் செய்யும் தவறு.

ஏன் தவறு என்று கேட்கலாம். வரப்பில் வளை தோண்டிக் கதிர்களை அறுத்து உள்ளே சேமிக்கும் வயல் எலி, பெரும்பொழுதை வளைக்குள்ளேயே கழிப்பது. வளைக்குப் பல வாய்கள் உண்டு. பூனையோ பதுங்கியிருந்து பாயும் பிராணியே அன்றித் தோண்டிப் பிடிக்கும் பிராணியன்று. நீர் நிற்கும் வயலில் இறங்கவும் அதற்கு மனம் வராது. பெருச்சாளியின் விஷயம் இன்னும் மோசம். வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ நிறைக்கு மேலும் இருக்கும்; அதைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பூனைகளை நானே பல முறை கண்டிருக்கிறேன். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் எலிகள் மலிந்த ஓரிடத்தில், திரிந்து வாழும் பூனைகளைப் படக்கருவி வைத்துக் கவனித்து 2018ஆம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்குள்ள எலிகள் சராசரி 330 கிராம் நிறையுள்ளவை. 79 நாள் பதிவில் பூனைகள் கொன்ற எலி இரண்டே. பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது; ஒளிந்துகொண்டனவே தவிர, ஒழிந்து போகவில்லை. கண்ணில் படாத எலியை இல்லாத எலி என்று எண்ணுவதால்தான் பூனை வயலைக் காக்கிறது என்னும் நம்பிக்கை பலருக்கு உண்டாகிறது என்று நினைக்கிறேன்.

களஞ்சியத்தில் நிலைமை வேறு. அங்கே வருபவை பெரும்பாலும் வீட்டெலியும் சுண்டெலியும். அவை சுவரோரமாகவும் உத்தரத்தின் மேலும் தினமும் ஒரே தடத்தில் ஓடுபவை; பூனை காத்திருந்து பிடிப்பதற்கு ஏற்ற அளவுள்ளவை. இங்கிலாந்தில் சார்லஸ் எல்ட்டன் என்னும் பிராணிநூல் அறிஞர் பண்ணைகளில் பூனைகளைக்கொண்டு செய்த சோதனைகளை 1953ஆம் வருஷத்தில் வெளியிட்டார். எலிகள் முன்பே பெருகிவிட்ட பண்ணையில் பூனையை விட்டால் அது எலிகளை ஒழிக்க முடியவில்லை. வேறு உபாயங்களால் எலிகளை முதலில் ஒழித்துவிட்டுப் பின்னர் பூனைகளை வைத்து, அவற்றுக்கு நாள்தோறும் பாலும் கொடுத்து வந்தால், பண்ணைக் கட்டிடங்களில் எலி மறுபடியும் குடியேறவில்லை. பால் கொடுப்பதன் பலன் பூனை தூரம் போகாமல் கட்டிடங்களைச் சுற்றியே தங்குவது. நம் வீடுகளில் "பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும்" என்று சொல்லிச் சோற்றை மறுக்கிறார்கள். பட்டினிப் பூனை எலிக்காகக் காத்திராது. அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்கும் கோழிக்கூட்டுக்கும் போய்விடும். வேட்டை அதற்குப் பசியால் மட்டும் வருவதன்று; பிறவிக் குணம்.

வயலுக்கு வேறு காவலர்கள் இருக்கிறார்கள். கூகையும் ஆந்தையும் இரவில் எலி தேடுபவை. அவை உட்கார இடம் வேண்டும். குறுக்குக் கட்டை பொருத்திய கழிகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நட்டால் தாமே வந்து அமரும். கதிர் முற்றும் சமயம் கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் பகலில் தானியம் தின்னும் பக்ஷிகளுக்கு அவையே ஆசனமாகும். வரப்பை 45 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் மிகாமல் ஒடுக்கினால் வளை தோண்ட இடம் குறையும். தஞ்சாவூர்க் கிட்டியின் பயனை டெல்டா வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாரைப்பாம்பும் காட்டுப்பூனையும் கூலி கேளாமல் வேலை செய்பவை. காட்டுப்பூனையை, அதாவது வெருகை, வீட்டுப் பூனையோடு குழப்பிக் கல்லால் அடிப்பவர்கள் உண்டு. நீண்ட கால், குட்டை வால், கோடில்லாத மணல் நிற உடல், நுனியில் சிறு மயிர்க்கற்றையுள்ள காது ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் முக்கிய இரை எலியே. சாரையும் காட்டுப்பூனையும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை.

வீட்டுப் பூனை வயலுக்குப் போனால் எலியைக் காட்டிலும் எளிதில் அகப்படுவதைப் பிடிக்கும். பூச்சிகளைத் தின்னும் ஓணான், தவளை, சிறு பக்ஷிகள், தரிசில் தரைமேல் முட்டையிடும் ஆள்காட்டி, காடை, கௌதாரி ஆகியவற்றின் குஞ்சுகள் எல்லாம் அதற்கு ஒன்றே. நியூஜீலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன்ஸ் தீவில் 1894ஆம் வருஷத்தையொட்டிக் கலங்கரை விளக்கம் அமைத்தவர்களோடு பூனை வந்து இறங்கிப் பெருக, அங்கு மட்டுமே எஞ்சியிருந்த பறக்கமாட்டாத ஒரு சிறு குருவி இனம் சில வருஷங்களுக்குள் அடியோடு அழிந்தது. நம் நாட்டில் அவ்வளவு பெருங்கேடு வரும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. நம் பக்ஷிகள் வெருகோடு காலகாலமாய் வாழ்ந்து பழகியவை. என்றாலும் ஒரு தெருவில் இருபது பூனைகள் திரிந்தால் அத்தெருவை ஒட்டிய வயலிலும் தோப்பிலும் பூச்சி தின்னும் பிராணிகள் குறையாமல் இருக்குமா? கழுத்தில் மணி கட்டினால் தீரும் என்பார்கள். முன்னர் நடந்த சில ஆராய்ச்சிகளில் மணியால் வேட்டை குறைந்தது. இங்கிலாந்தில் எக்ஸீட்டர் சர்வகலாசாலையார் 2021ஆம் வருஷத்தில் வெளியிட்ட சோதனையில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் காணவில்லை. களஞ்சியத்துப் பூனைக்கு மணி கட்டுவதோ எலிக்குச் சேவகம் செய்வது.

வெளியில் திரிவதால் பூனைக்கு வரும் அபாயத்தைப் பற்றி விவசாயிகள் அறிய வேண்டியது விஷ இரை மட்டுமன்று. புரோமடியலோன் போன்ற மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை. இரத்தம் உறையாமல் செய்து சில நாட்களில் கொல்லும். அந்நாட்களில் தள்ளாடித் திரியும் எலிகளே பூனைக்கு எளிய இரை. இதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. கால்நடை மருத்துவரிடம் காலதாமதமின்றிக் கொண்டுபோனால் பிழைக்கக்கூடும். துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது. பெர்மெத்ரின் முதலிய பைரித்திராய்டு வகைப் பூச்சி மருந்துகள் பூனைக்கு மிகக் கொடியவை. நாய்க்குக் கேடு செய்யாத அளவும் பூனையின் ஈரலால் தாங்க முடியாது. மருந்து தெளித்த செடிகளின் ஊடே நடந்து வந்த பூனை தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும்போது மருந்து வயிற்றினுள் போகிறது. பிறகு உடல் நடுங்கி இழுப்பு வரும். தெளித்த அன்று பூனையை அவ்வயலின் பக்கம் விடலாகாது.

ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எலியையும் பக்ஷிகளையும் தின்னத் தொடங்கும் இளம் பூனையின் உடலில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் சேர்ந்து, ஓரிரு வாரம் அதன் மலத்தின் வழியே வெளிப்படும். அம்மலம் தீவனத்தில் கலந்தால் சினையாடுகள் குட்டி வீசும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் இது ஆகாது. தவிட்டுத் தொட்டியையும் தீவன மூட்டைகளையும் மூடி வைப்பதும், பூனை மலத்தை மண்வெட்டியால் அள்ளிப் புதைப்பதும் போதுமானவை. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பிட்டுப் பாயும் நீரில் 15 நிமிஷம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று.

ஆகவே, கட்டிப்போடுவதா திரிய விடுவதா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: பொழுது சாயும்போது பூனையைக் களஞ்சியத்துக்குள் அழைத்து அங்கேயே இரை வைத்துக் கதவைச் சாத்துக, பொழுது நன்றாய்ப் புலர்ந்த பின் திறந்து விடுக. எலி நடமாடும் வேளை இரவு. பூனையின் வேலையும் அப்போதுதான். மற்ற ஊர்ப் பூனைகளோடு சண்டையிடுவதும், சாலையில் வாகனத்தில் அகப்படுவதும், விடியற்காலையில் பக்ஷிகளைப் பதுங்கிப் பிடிப்பதும் இவ்வழக்கத்தால் குறையும். ஒரே வேளையில் ஒரே இடத்தில் இரை வைத்தால் சில வாரங்களில் தானாகவே வந்து நிற்கும். பகலில் கொல்லையிலும் தாழ்வாரத்திலும் அது படுத்துறங்குவதை யாரும் ஆட்சேபிக்க வேண்டியதில்லை. கோழிக்குஞ்சுகளைச் சின்னஞ்சிறு வயதில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது பருந்துக்கும் பூனைக்கும் பொதுவான காப்பு.

குட்டிகள் விஷயத்தில் நம்மவர் செய்வது சரியன்று. பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடையும். சினைக்காலம் சுமார் 9 வாரம். வருஷத்தில் இரண்டு, மூன்று ஈற்றும் உண்டு. பெருகிய குட்டிகளைக் கோணியில் கட்டிச் சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவை அந்த ஊருக்குப் பாரமாகின்றன. பாதி பட்டினியால் சாகின்றன. வளர்த்த பிராணியைப் பட்டினியால் வருந்தும்படி கைவிடுவது 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்வித்துக்கொள்வதே முறை. கருத்தடை செய்த பூனை எலி பிடிக்காது என்பது வீண் பயம். திரிவது குறையும், அவ்வளவே.

கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்கூடி எலி மருந்து வைக்கும்போது, இரண்டு நாள் முன்னதாக ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பில் ஆடு மாடுகளோடு பூனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்து வைக்கும் மாலையிலிருந்து பூனைகள் உள்ளேயே இருக்க வேண்டும். மறுநாள் முதல் தினமும் காலையில் செத்த எலிகளை வரப்பில் மட்டுமன்றி வைக்கோற்போர், வாய்க்கால் கரை, கொல்லைப்புறம் எங்கும் தேடி எடுத்து ஆழப் புதைத்து, மிஞ்சிய இரையையும் பொறுக்கி அழித்த பிறகே கதவைத் திறக்கலாம். புரோமடியலோன் வைத்தால் எலிகள் நாள் கழித்துச் சாவதால், கடைசியாய் ஒரு செத்த எலி கிடைத்ததிலிருந்து இன்னும் ஒரு வாரமேனும் பொறுக்க வேண்டும்.

மேலே சொன்ன மூதாட்டிக்கு அண்டை வீட்டார் ஒரு குட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாயத்தின் அடிப்பலகையை மாற்றி, ஓரத்தில் தகரம் அடித்தாயிற்று. சென்ற பருவத்தில் அவ்வூரில் மருந்து வைப்பதற்கு முன், முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். "மருந்து சாயங்காலந்தானே? மத்தியானமே உள்ளே போட்டாயிற்று, ஐயா" என்றார்.