ஓ.டி.பி. வரும் வழியில் ஒரு காவல்

இணையவழியில் பணம் அனுப்பும்போது, ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் சில நொடிகளில் நம் கைப்பேசியை வந்தடைகிறது. அது வரும் பாதையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் கைப்பேசி எங்கே உள்ளது, குறுஞ்செய்தியை எவ்விடத்தில் சேர்ப்பது போன்ற விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளத் தனி வலையமைப்பு உண்டு. அதுவே சமிக்ஞை வலையமைப்பு.

பழைய நம்பிக்கை

2ஜி, 3ஜி சேவைகளுக்கு இன்றும் அடிப்படையாக விளங்கும் எஸ்எஸ்7 என்னும் சமிக்ஞை நெறிமுறை, 1980-ஆம் ஆண்டையொட்டித் தரப்படுத்தப்பட்டது. அன்று அரசுத் துறைகளும் சில பெரிய நிறுவனங்களுமே தொலைபேசிச் சேவையை நடத்தின. எல்லோரும் அறிமுகமானவர்கள் என்பதால், செய்தியை அனுப்புபவர் யாரெனச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதில் இணைந்துள்ளன.

2014 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர்கள் இக்குறையைச் செயல்விளக்கமாகக் காட்டினர். 2017-இல் ஜெர்மனியிலேயே அது குற்றமாக நிகழ்ந்தது. மோசடியாளர்கள் முதலில் வங்கி வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களையும் கடவுச்சொற்களையும் திருடினர். பின்னர், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சமிக்ஞை இணைப்பு வழியாக அவர்களுக்குரிய குறுஞ்செய்திகளைத் தம்மிடம் திருப்பி, பணத்தை எடுத்தனர். கைப்பேசி உரியவரின் கையிலேயே இருந்தது, ஓ.டி.பி. மட்டும் வேறிடம் சென்றது.

இயல்பைக் கற்கும் இயந்திரம்

சொந்த வலையமைப்புக்குள் மட்டுமே உலவ வேண்டிய செய்தி வெளியிலிருந்து வந்தால், எளிய விதியே அதைத் தடுத்துவிடும். சற்றுமுன் சென்னையில் பேசியவர் பத்து நிமிடங்களில் ஐரோப்பாவில் இருக்க இயலாது என்பதும் கணக்கில் தெரிந்துவிடும். ஆனால், வெளிநாடு சென்ற ஒருவருக்காக அங்குள்ள நிறுவனம் அனுப்பும் பதிவுச் செய்தியும் போலிச் செய்தியும் வடிவில் ஒன்றே. அங்கேதான் இயந்திரக் கற்றல் உதவுகிறது.

தாக்குதலுக்கான மாதிரிகள் அரிது. இயல்பான போக்குவரத்தோ ஏராளம். எனவே, எந்த நிறுவனம் எவ்வகைச் செய்திகளை, எந்த வரிசையில், எவ்வளவு அடிக்கடி அனுப்பும் என்ற இயல்பையே கணினிக்குக் கற்பிக்கின்றனர். இதுவரை அமைதியாயிருந்த ஒரு முகவரி திடீரெனப் பல எண்களின் இருப்பிடத்தைக் கேட்டு, உடனே அவற்றைத் தன்னிடம் பதிய முயன்றால், கணினி எச்சரிக்கிறது.

எனினும், தவறான எச்சரிக்கைக்கும் விலை உண்டு. அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்கிய உண்மையான பயணியின் இணைப்பு தடைபடலாம். ஆகவே விதிகளும் இயந்திரமும் வல்லுநரின் முடிவும் இணைந்தே இக்காவல் அமைய வேண்டும்.

நம் பங்கு

ஜெர்மனியில் ஓ.டி.பி.யைக் கவர்ந்தது இரண்டாம் படியே. முதற்படி கடவுச்சொல் திருட்டு. அந்த முதற்பூட்டு நம் கையில் உள்ளது. மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்புகளில் கடவுச்சொல்லைப் பதிவிடாதீர்கள். வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் அளிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் தெரிந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.