ரேடியோவில் ராஜா, சினிமாவில் சறுக்கல்: டோனி ஹான்காக் சரிந்தது எப்படி?

1950-களில் பிரிட்டன் ரேடியோவைச் சிரிக்க வைத்தவர்களில் முன்வரிசைக்காரர் டோனி ஹான்காக். 1961-ல் புகழின் உச்சம். 1968-ல், 44 வயதில், சிட்னியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நடுவில் என்னதான் நடந்தது?

யார் இவர்?

1924-ல் பர்மிங்காமில் பிறந்து, போர்ன்மவுத் கடற்கரை நகரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையில் சேர்ந்தார். 1951-ல் 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' என்ற பிபிசி ரேடியோ நிகழ்ச்சி அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் ஹீரோ ஒரு பேசும் பொம்மை; ஹான்காக் அந்தப் பொம்மைக்கு டியூஷன் வாத்தியார்! பொம்மைக்குக் குரல் கொடுப்பவரின் உதடு அசைகிறதா என்று ரேடியோவில் யாருக்குத் தெரியும்? ஆனாலும் செம ஹிட்.

ரேடியோவில் என்ன புதுசு?

1954 நவம்பரில் 'ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்' தொடங்கியது. எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்ஸன். அப்போதைய ரேடியோ காமெடி பெரும்பாலும் துண்டு துண்டான ஜோக்குகள், நடுநடுவே பாட்டு. இவர்கள் பாட்டைத் தூக்கிவிட்டு, அரை மணி நேரமும் ஒரே கதையாக்கினார்கள். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு, எதிலும் ஜெயிக்காமல் சிடுசிடுக்கும் ஒரு மனிதர்தான் ஹான்காக்கின் கேரக்டர்.

1958-ல் வந்த ஓர் எபிசோடில், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் யாருக்கும் பொழுது போகவில்லை. அவ்வளவுதான் கதை! பெருமூச்சும் நீண்ட மௌனமும்தான் காமெடி. ரேடியோவில் மௌனத்தை வைத்துச் சிரிக்க வைப்பது சாதாரண விஷயமா?

விலக்கல் எப்படித் தொடங்கியது?

சிட் ஜேம்ஸ், கென்னத் வில்லியம்ஸ், ஹாட்டி ஜாக்ஸ், பில் கெர் எனச் சுற்றிலும் வலுவான கூட்டணி. ஆனால், வில்லியம்ஸின் விதவிதமான குரல்கள் கதையின் இயல்பைக் கெடுப்பதாக ஹான்காக் நினைத்தார். வில்லியம்ஸின் பங்கு குறைந்து, கடைசியில் அவர் விலகினார். அடுத்தது சிட் ஜேம்ஸ். 'இருவர் ஜோடியில் ஒருவர்' என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயத்தில், 1961 டிவி தொடரில் அவரும் வேண்டாம் என்றார்.

இங்கேதான் சிக்கல். அந்த முடிவு ஜெயித்துவிட்டது! ரத்ததானம் செய்யப் போகும் 'தி பிளட் டோனர்' எபிசோடு இன்றும் பிரிட்டிஷ் காமெடியின் சிகரங்களில் ஒன்று. இத்தனைக்கும், அதற்குச் சில நாட்களுக்கு முன் கார் விபத்தில் அடிபட்டவர், வசனத்தை மனப்பாடம் செய்ய முடியாமல் டெலிப்ராம்ப்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

சினிமா ஏன் கைகொடுக்கவில்லை?

அவர் கண் உலக மார்க்கெட் மீது. 1961-ல் வந்த 'தி ரெபெல்' பிரிட்டனில் ஓடியது, அமெரிக்காவில் எடுபடவில்லை. அடுத்த படத்துக்கு கால்டனும் சிம்ப்ஸனும் எழுதியதை நிராகரித்து, அவர்களையும் பிரிந்தார். அவர்கள் இல்லாமல் 1963-ல் வந்த 'தி பஞ்ச் அண்ட் ஜூடி மேன்' பழைய வரவேற்பைப் பெறவில்லை. குடிப்பழக்கமும் முற்றியது.

எழுத்தாளர்கள் என்ன ஆனார்கள்?

1962-லேயே 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற அடுத்த மெகா ஹிட்டைக் கொடுத்தார்கள். பழைய இரும்புக் கடை நடத்தும் அப்பா-மகன் கதை. பெரிய ஆளாக ஆசைப்பட்டு எதிலும் ஜெயிக்காத அதே மனிதன், இந்த முறை மகன் வேடத்தில் வந்தான். அவர்களுக்கு வேறு நடிகர்கள் கிடைத்தார்கள். ஹான்காக்குக்கு வேறு கால்டன் - சிம்ப்ஸன் கிடைக்கவே இல்லை.