பழவேற்காட்டு மாதிரித் துணி

சரக்கைச் செய்துதர ஆலை தேடுவோர் பேசும் மாதிரி, முன்பணம், சோதனை ஆகிய மூன்றும் நமக்குப் புதியவையல்ல. சுண்ணாம்புக்குளத்து மீனவர் வலைவீசும் ஏரியின் தென்முனையிலே, பழவேற்காட்டில், 1613-ல் டச்சுக்காரர் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய 'பாக்டரி' தறி ஓடும் ஆலையன்று, வெறும் பண்டகசாலை! நெய்தவர்கள் நம் கிராமத்து நெசவாளிகளே. கிழக்கே மொலுக்கஸ் தீவினர் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றாக விரும்பியது நம் துணியை. அவர்கள் ருசியோ கண்டிப்பானது; நிறமும் கட்டமும் சிறிதும் பிசகலாகாது. ஆகவே தரகர் மாதிரியைக் காட்டி முன்பணம் கொடுப்பார். அது நூலுக்கும் அடுப்புக்கும் போய்விடும். நெய்த துணி மாதிரியோடு ஒவ்வாவிடில் விலை குறையும், அல்லது துணி திரும்பும். அதைத் தீவுக்குக் கொண்டுபோக நெசவாளியிடம் கப்பல் ஏது? வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நின்றது.