சீட்டுக்கட்டு வடிவமைப்பில் வெகுசனப் பண்பாட்டுக் கூறுகள்: நிண்டெண்டோ நிறுவனச் சீட்டுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சீட்டில் இடம்பெறும் வெகுசனப் பாத்திரங்கள் வெறும் அணிகலன்கள் அல்ல; அச்சீட்டு யாருடைய கைக்கு உரியது என்பதையே அவை மாற்றவல்லன. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் சீட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மலர்ச்சீட்டு, சூதாட்டம், டிஸ்னி, மரியோ, சேகரிப்பு.

முன்னுரை

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகச் சீட்டு ஜப்பானை அடைந்தது. பிற்காலத்தில் சூதாட்டத்தை அரசு தடைசெய்தபோதெல்லாம் சீட்டுகளின் உருவம் மாறிவந்தது. எண்களே இல்லாத 'ஹனஃபுடா' என்னும் மலர்ச்சீட்டு இம்மரபில் தோன்றியது. இதில் 12 மாதங்களுக்கு நான்கு வீதம் 48 சீட்டுகள் உண்டு. சனவரியைப் பைன் மரமும் மார்ச்சைச் செர்ரி மலரும் குறிக்கும்.

சீட்டும் சூதும்

1889ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் ஃபுசஜிரோ யமவுச்சி தொடங்கிய நிண்டெண்டோ, மலர்ச்சீட்டுகளைக் கையால் செய்து விற்றது. அவற்றைப் பெரிதும் வாங்கியோர் சூதாடிகள். குற்றக் குழுவினரைக் குறிக்கும் 'யாகுசா' என்னும் சொல்லே, ஒரு சீட்டாட்டத்தில் மதிப்பற்றுப்போகும் 8, 9, 3 என்ற எண்களின் சேர்க்கையிலிருந்து வந்தது என்பர். சீட்டின்மீது படிந்திருந்த இழிவை இச்சொல் காட்டும்.

படமும் பயனரும்

1959ஆம் ஆண்டு நிண்டெண்டோ டிஸ்னி பாத்திரங்கள் இடம்பெற்ற மேலைநாட்டுச் சீட்டுகளை வெளியிட்டது. இவ்வகைச் சீட்டின் எண்ணும் ஸ்பேட், ஹார்ட்டின் முதலிய குறியும் மூலையில் அமைவதால், நடுப்பகுதியை எப்படத்திற்கும் விட்டுக்கொடுக்கலாம், ஆட்டம் கெடுவதில்லை. ஆட்டவிதிகள் மாறாதிருக்க, ஆடுவோர் மாறினர்: சூதாட்ட விடுதிக்குரியதாகக் கருதப்பட்ட பொருள் குழந்தைகளுள்ள வீட்டிற்குள் நுழைந்தது.

மலர்ச்சீட்டில் இவ்வுரிமை இல்லை. அங்கே படமே குறி. செடியை நீக்கினால் மாதம் தெரியாது. எனவே, பின்னாளில் நிண்டெண்டோ தன் மரியோ பாத்திரங்களை மலர்ச்சீட்டில் சேர்த்தபோது, பழைய மலர்களை அகற்றாமல் அவற்றினூடே பாத்திரங்களை நிறுத்தியது. மரபின் இலக்கணம் புதுமைக்கு இங்கே எல்லை வகுக்கிறது.

முடிவுரை

சூதாட்டத்தில் சீட்டுகளின் பின்புறம் வேறுபாடின்றி இருத்தல் வேண்டும்; தேய்ந்த சீட்டு ஆடுபவரைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே சூதாடிக்குப் பழைய கட்டு கழிவுப்பொருள். சேகரிப்பாளருக்கோ அதுவே செல்வம்; பிரிக்கப்படாத கட்டு இன்னும் மதிப்புடையது. இழிவிலிருந்து சீட்டை மீட்ட வெகுசனப் படம், இறுதியில் அதனை ஆட்டத்திலிருந்தும் விலக்கிவிடுகிறது. எனவே சேகரிப்புச் சீட்டுகளை ஆராய்வோர், படத்தின் பொருளோடு அச்சீட்டு ஆடப்பட்டதா, காக்கப்பட்டதா என்பதையும் கருதுதல் இன்றியமையாதது.