வயதான பெற்றோரை எங்கே வைத்துப் பார்ப்பது?

ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய், லயத்தில் வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடுகள் உண்டு. முதியோர் இல்லத்தில் விடலாமா, இங்கேயே வைத்துப் பார்க்கலாமா?

முதலில் பெரியவங்களையே கேளுங்கள். பழகின சனமும் கோயிலும் அவர்களுக்கு இங்கேதான். லயத்தில் இருக்க வேண்டுமானால் கக்கூசுக்கும் தண்ணீருக்கும் கிட்டிய காம்பரா, படியில் கைப்பிடி, இராத்திரி வெளிச்சம், அடுப்புப் புகை படாத படுக்கை, கூப்பிட்டால் ஓடிவர ஓர் ஆள் வேண்டும்.

அடுத்தது காசு. 5 வருடமோ கூடவோ உழைத்து நின்றவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அது பெரியவங்க உழைத்த காசு. கல்யாணத்துக்கும் கடனுக்கும் இழுக்காமல், அவர்கள் பேரிலேயே வங்கியில் போட்டு வையுங்கள்.

இல்லம்தான் வழி என்றால், நேரில் போய்ப் பார்க்காமல் விடாதீர்கள். பதிவு உள்ளதா? தமிழில் பேச ஆள் உண்டா? இராத்திரி சுகமில்லாமல் போனால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே வைத்தாலும் பொறுப்பு நம்முடையதுதான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. கைவிடப்பட்ட, 60 வயது தாண்டிய பெற்றோர் பராமரிப்புப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த நிலைக்கு நம் பெரியவங்களைக் கொண்டுபோக வேண்டாம்.